கருகிய ஓரம்

பொம்மசந்திராவில் மழை.
பெல்ட்டில் ரஸ்க் ஓடுகிறது,
தலைக்குமேல் கேமரா, வளைய விளக்கு.
வேண்டாததைக் காற்று
ப்ஸ்ஸென்று ஊதித் தள்ளும்.

ஜூனில் பதினோராயிரம் படங்களுக்கு
நான்தான் பெயர் வைத்தேன்:
நல்லது. உடைசல். தேதி அழிந்தது.
கவர் ஒட்டாமல் வாய் பிளந்தது.

ஓரம் கொஞ்சம் கருகினால்
டீயில் சீக்கிரம் கரையாது.
எனக்கு அதுதான் பிடிக்கும்.
மூன்றாவது ராத்திரியில்
கை தானாக 'நல்லது' பக்கம் போயிருக்கிறது.

இன்று ஆடிட்டுக்கு வந்த நாகவேணி மேடம்
ஒரு பாக்கெட்டைப் பிரித்து,
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து,
"யாக்கே, இதெல்லாம் பாஸ் ஆகிறது?" என்கிறார்.

கலிபரேஷன், மேடம்.

அவர் குறித்துக்கொள்ளும்போதே
இன்னொரு கருகல் வந்தது.
கேமரா பார்த்தது.
காற்று
ஊதவில்லை.