ஐந்தில் ஒரு பங்கு

அரைப் பேராகிவிடும் என்ற பயம்.
செலஸ்தீனா பால் கொடுக்கப்
பிள்ளைக்காம்பராவுக்குப் போன நேரம்
அவள் சாக்கிலிருந்து இரண்டு கிலோ கொழுந்து
என் சாக்குக்கு வந்தது.
தானாக வரவில்லை, ஆண்டவரே.
நான்தான் எடுத்தேன்.

லேவியராகமம் விடுவதாயில்லை:
எடுத்ததைத் திருப்பு,
ஐந்தில் ஒரு பங்கு கூட்டு,
பிறகு பழுதற்ற கடாவோடு வா.

இன்று, பொகவந்தலாவை மழையில்,
இரண்டு கிலோ நானூறு கிராம்.
சொல்லிவிட்டுத்தான் அவள் சாக்கில் போட்டேன்.
அவள் பேசவில்லை.
சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

கொழுந்து மடுவத்தில்
ஈரத்துக்கென்று ஆளுக்கு மூன்று கிலோ
வெட்டினார்கள்.
இருவருக்கும் அரைப் பேர்.

கடாவுக்கு நான் எங்கே போக?
அதை நீர் பார்த்துக்கொள்ளும்.
அந்தத் தராசையும்.