காற்று கடல் பக்கம்

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்.
லிவர்பூல் என்றது பலகை.
"இங்கிலாந்துக்கே வந்திட்டமா?"
பின் சீட்டில் அகரன் கேட்டான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே
ஒரு சீட்டுக்காசு உட்கார்ந்திருந்தது,
இரண்டு வருடமாக,
பெல்ட் போடாமல்.

அண்ணாவுக்குத் திடீரென்று வேலை. டிக்கெட் வாங்கியாயிற்று,
பிள்ளையின் பிறந்தநாள்.
அதனால் வதனி மச்சாள் ஓட்ட,
நான் கண்ணாடி வழியே மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
எல்லாம் ஒரே மரம்.

திருவிழா என்றால் மூன்று பலூன்.
ஒன்று கோடு போட்டது,
ஒன்று வங்கி விளம்பரம்,
ஒன்று சிங்கி இறால், ஒரு கொடுக்கு மட்டும்
கிழிந்து தைத்தது.
அப்பால் உருளைக்கிழங்குப் பொரியலும் வினிகரும்,
கடற்பாசி நாற்றம்,
தேவாலயப் பெண்கள் விற்கும் புளூபெரி பை,
பிறகு உடனே கடல்.
வேலி கூட இல்லை.

டார்லீன் என்ற பைலட்
கறுப்புச் சிறு பலூன் ஒன்றைக் கையிலிருந்து விட்டாள்.
எல்லோரும் அண்ணாந்தோம்.
அது கலங்கரை விளக்கைத் தாண்டி,
இறால் படகுகளைத் தாண்டி,
ஒரு மிளகாகி,
மிளகும் இல்லாமல் போயிற்று.
"இன்றைக்குப் பறந்தால்
போர்த்துகலில்தான் இறங்கணும்" என்றாள்.
கூட்டம் 'ஆ' என்று வாடியது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றவர்கள்
நெல்லை மட்டும் நினைத்தவர்கள்.
இங்கே காற்று இருப்பதுதான் கஷ்டம்.

சரி, கட்டிப்போட்டாவது நிமிர்த்துவோம் என்றார்கள்.
உச்சிக் கயிறு பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.
டார்லீனுக்கு எங்கள் கதை தெரியாது.
தடித்த கையுறை விரலால் சுட்டினாள்:
நீங்கள். நீங்களும்.

நான் முன்னால். மச்சாள் பின்னால்.
விசிறி ஊத ஊத
புல்லில் படுத்திருந்த சீலை
வயிறு வைத்தது.
பிறகு நெருப்பு,
காதுக்குள் லாரி போவது போல.
கயிறு விறைத்தது.
என் செருப்பு ஈரப் புல்லில் வழுக்கிற்று.
நான் இழுக்கப்பட்டேன், ஒரு அடி, இன்னொரு அடி.

"விடாத!"

இரண்டு வருடத்தில் எனக்கென்று அவள் சொன்ன முதல் சொல்.

சீட்டை எடுத்தது நான்.
மிச்சத்தைக் கட்டாமல் விட்டதும் நான்.
எனக்குப் பொறுப்பு நின்றவள் அவள்,
மாதாமாதம், டே கேர் சம்பளத்திலிருந்து.
இதை அண்ணாவிடம் அவள் சொல்லவில்லை என்பது
எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

"விடேல்லை" என்றேன்.
அது பதிலில்லை.
அப்போதைக்குக் கயிற்றைப் பற்றியது.

இருட்டியதும் மூன்றையும் ஒன்றாய் எரித்தார்கள்.
மூடுபனி உள்ளே வந்துவிட்டிருந்தது.
சிவப்பும் மஞ்சளும் அதில் ஊறி
கடலின் விளிம்பு ஒரு கணம் தெரிந்து மறைந்தது.
அகரன் ஆங்கிலத்தில் பத்திலிருந்து கீழே எண்ணினான்,
தமிழில் ஒன்றில் முடித்தான்.

பிறகுதான் யாரும் சொல்லாத நல்ல பகுதி:
காற்றை வெளியேற்ற
வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சீலையில் விழுந்து
உருளவேண்டுமாம்.
தீயணைப்புக்காரர், பை விற்ற பெண்கள், நாய் ஒன்று.
நானும் விழுந்தேன்.
கதகதப்பாய் இருந்தது.
பறக்காத பகல் முழுக்க அடியில் கிடந்து
மெல்ல மெல்ல, பொருமியபடி,
என் எடைக்கு இடம்விட்டது.
இரண்டு முழம் தள்ளி மச்சாள்,
கண்ணை மூடி,
தலையில் புல்.

பொரியல் கடையில் கார்டு எடுக்கவில்லை.
அவளிடம்தான் சில்லறை இருந்தது.
ஒரு பொட்டலம், மூன்று குச்சி.
"இதைக் கணக்கில எழுதாத" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
எழுதினேன் என்று எப்படித் தெரியும் அவளுக்கு?
போனில், ஒரு குறிப்பில்,
இருக்கிறது, டாலரும் சென்டுமாக.

நெடுஞ்சாலையில் மான் எச்சரிக்கைப் பலகை.
வைப்பர் ஓடுகிறது.
உள்ளங்கையில் கயிறு பதிந்த தடம் எரிகிறது.
அகரன் தூக்கத்தில் புரண்டு கேட்கிறான்,
அந்தக் கறுப்பு பலூன்
போர்த்துகலுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று.

"இன்னும் இல்லை, கண்ணா," என்கிறாள் மச்சாள்.
"தூரம்."