பயனர் என்னும் ஒருமை

மஞ்சள் ஒட்டுத்தாள்கள்
மொகோட்லோங் மலையில் ஒட்டவில்லை.
மண்சுவர் உதறிவிட்டது.
மீதியைக் காற்று கொண்டுபோய்
ஒரு கழுதையின் முதுகில் சேர்த்தது.
"அதுவும் உங்கள் ஆய்வில் உண்டா?" என்றாள் மமொட்சாபி.
எல்லோரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று,
எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு
மக்காச்சோள மணிகளை எடுத்தோம்.
ஒரு மணி, ஒரு லோட்டி.
போன மாதம் டேட்டாவுக்கு எவ்வளவு?
பச்சை நூல் சுற்றிய கைபேசி மடியிலிருக்க
புலேங் ஏழு வைத்தாள், இரண்டைத் திரும்ப எடுத்தாள்,
சுரங்கத்திலிருந்து கணவன் அழைக்காத
ஞாயிற்றுக்கிழமையை நினைத்தோ என்னவோ
மறுபடி ஒன்று வைத்தாள்.
விரல் தயங்கிய இடத்தைக் குறிக்க
என் படிவத்தில் கட்டமில்லை.

நாட்குறிப்பு ஏடுகளும் கொடுத்திருந்தேன்,
'இன்று இணையத்தில் என்ன செய்தீர்கள்?' என்று தலைப்பிட்டு.
மூன்று வாரம் கழித்து வந்தன.
ஒன்றில் ஆட்டுரோம எடைக் கணக்கு.
ஒன்றில் குழந்தை வரைந்த பன்றி, ஐந்து கால்.
ஒன்று அடுப்புக்குப் போயிருந்தது, மன்னிப்பு மட்டும் வந்தது.
புலேங்கின் ஏட்டில் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்:
கொடுத்தனுப்பினேன்.

யாரிடம்?
"செலிசோவிடம். அவனுக்குப் படிக்க வராது,
அதனால்தான் அவன்."

விடியுமுன் ஆடுகளோடு ஏறினான் செலிசோ,
போர்வைக்குள் தைத்த பையில் ஆறு கைபேசிகள்.
நானும் ஏறினேன். என் மூச்சு
வெகுதூரம் பின்னால் வந்தது.
முகட்டில் மாட்டு முதுகளவு ஒரு பாறை.
அதன் வடக்கு ஓரத்தில் மட்டும் இரண்டு கோடு விழும்.
ஆறையும் அங்கே பரப்பினான்
வெயிலில் எதையோ காயப்போடுவதுபோல்.
ஒவ்வொன்றாக நடுங்கின.

பச்சை நூல் சுற்றியது நடுங்கியபோது
எட்டிப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
பிறகு திரையைக் கவிழ்த்து வைத்து
"இதை அவள் சாப்பிட்ட பிறகு கொடுக்கணும்" என்றான்,
முகம் ஆடுகளின் பக்கம்.

என் பேனா மூடியைக்
கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தேன்.

மசேருவில் அறிக்கை கேட்டார்கள்.
கருவிக்கு ஒரு பயனர் என அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு
ஆறு கைபேசி, இருபத்தாறு பேர், ஒரு பாறை
என்று எழுதியிருந்தேன்.
அதை ஒப்புக்கொண்டார்கள், முனகலோடு.
செலிசோவின் பக்கத்தில்
எழுத்தறிவு என்ற கட்டம் மட்டும் காலி.
விடுபட்டுப் போனதா என்றார்கள்.

அங்கே காற்று அதிகம் என்றேன்,
தாள் ஒட்டாது.