செக்குபந்தி

நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது.
மருந்துக்கடைப் பையன் வாசித்துச் சொன்னான்:
பதினோரு சென்ட், ஓட்டு வீடு, தென்னை ஆறு,
கிணறு ஒன்று மோட்டாரோடு.
"உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்.
பின்னால் குறை சொல்லக் கூடாது."
கல்யாணத்தன்று இப்படியொன்றை
யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

மஞ்சக் கடுதாசி கொடுத்தவர் கிட்டுசாமி.
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
கொப்பரைக் களம் வைத்திருந்தார்.
இரண்டு மழை, ஒரு லாரி, கையெழுத்துப் போட்ட ஒரு ஜாமீன்.
நொடித்துப்போக அவ்வளவு போதும்.

நான் வேலந்தாவளம் செக்போஸ்டில்
பதினாலு வருஷம் இட்லி விற்றவள்.
சாவடியை எடுத்த பிறகு லாரிகள் நிற்பதில்லை,
ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்கள்.
குறிப் பணம், இரண்டு வளையல்,
பெரிய இட்லிக் கொப்பரையை விற்ற காசு.
பத்தில் ஒரு பங்குக்கு டி.டி. எடுத்தேன்.

வில்லங்கச் சான்றும் வாங்கினேன்,
முப்பது வருஷத்துக்கு. ஒன்றுமில்லை என்றிருந்தது.
ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்தபோது
கொடியில் ஒரு சிவப்புச் சேலை காய்ந்தது.
அது சான்றில் வரவில்லை.

பாலக்காட்டுச் சித்தூர், கோர்ட் வராந்தா.
ரிசீவர் சசிதரன் வக்கீலுக்குத் தொண்டை கட்டியிருந்தது;
ஏலத்தை ரகசியம் மாதிரிக் கூறினார்.
கேட்டது மூன்று பேர்.
ஒருவன் ஏழு லட்சத்தில் எழுந்து டீ குடிக்கப் போனான்.
இன்னொருவன் ஒவ்வொரு முறையும்
தூணுக்குப் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டான்.
தூணுக்குப் பின்னால் ஒரு வேட்டி நுனி.
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டேதான் ஐயாயிரம் ஏற்றினேன்.

ஒரு தரம்.
வேட்டி நுனி அசையவில்லை.
ரெண்டு தரம்.
அந்த இடைவெளியில் ஒரு மச்சான் நல்லவனாகலாம்,
ஒரு பேங்க் தீப்பிடிக்கலாம்,
நானே இருமிவிட்டு உட்காரலாம்.
மூணு தரம்.

ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்தார்கள்.
தபால்காரன் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் வயிறு கலங்கியது.
யாரும் சொல்லவில்லை.
அதற்கும் கலங்கியது.

ஆதாரத்தில் செக்குபந்தி எழுதினார்கள்:
கிழக்கே பஞ்சாயத்து ரோடு,
தெற்கே சூசைமாணிக்கம் வீட்டு மதில்,
மேற்கே வாய்க்கால்,
வடக்கே மேற்படி கிட்டுசாமி முன்பே விற்ற நிலம்.
வில்லேஜ் ஆபீஸில் பேர் மாற்றுவதற்கு
அங்கே போக்குவரவு என்று சொல்கிறார்கள்.
அவர் போக்கு, என் வரவு.
கிளார்க் தலை நிமிராமல் முத்திரை குத்தினான்.

சாவி வாங்கின அன்று பின்கதவு திறக்கவில்லை.
தோளால் முட்டினேன். ஆமீன் மொய்து உதைத்தார்.
பூட்டு திறந்துதான் இருக்கிறது, கதவு வரவில்லை.
ஆசாரியைக் கூப்பிடலாம் என்று படியில் உட்கார்ந்தோம்.

வாய்க்கால் ஓரம் ஒரு மொபெட் நின்றது.
அவர் இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை.
"தூக்கிட்டுத் தள்ளணும்ங்க.
மழைக்கு உப்புன கதவு. தூக்கி, கொஞ்சம் வலப்பக்கம்.
மோட்டார் எடுக்கலைன்னா சைடுல ரெண்டு தட்டு.
மூணாவது தென்னையில யாரையும் ஏத்தாதீங்க,
குளவி இருக்குது."

தூக்கித் தள்ளினேன். திறந்தது.
தூணுக்குப் பின்னால் நின்றது நீங்கள்தானே என்று
கேட்க வாயெடுத்தேன்.
"டீ போடட்டுங்களா?" என்று வந்தது.
"அடுப்ப நான் எடுத்துட்டுப் போயிட்டேனுங்களே"
என்றார், திருடினவர் மாதிரி.

ஆமீன் பட்டியலை விரித்து வாசித்தார்.
மின்விசிறி ஒன்று, இறக்கை வளைந்தது.
அண்டா ஒன்று, ஓட்டை.
பெஞ்சு ஒன்று, மூன்று கால்.
அடுப்பு இருந்தது வரிசையில் ஏழாவதாக.
"இருக்கா?" என்றார்.
"இருக்கு" என்று கையெழுத்துப் போட்டேன்,
உள்ளது உள்ளபடி.