வந்தால் வரட்டும்

காலை ஆறு நாற்பது. கொட்டாஞ்சேனை.
ஜம்பட்டா வீதியில் பாதி ஷட்டர்கள் இன்னும் திறக்கவில்லை.
இரத்தப் பரிசோதனை நிலையத்தின் பிளாஸ்டிக் கதிரைகளில்
வெறும் வயிற்றோடு ஒன்பது பேர்.
அவர்கள் பெனடிக்டாவைப் பார்க்கிறார்கள்.
பெனடிக்டா திரையைப் பார்க்கிறாள்.
திரையில், கறுப்பின் நடுவே ஒரு வரி.
வரியின் முனையில் சிவப்பு நட்சத்திரம்
இடமும் வலமுமாய் நடந்துகொண்டிருக்கிறது,
பிரசவ அறைக்கு வெளியே விடப்பட்ட தகப்பனைப் போல.
வலையமைப்புக்காகக் காத்திருக்கிறதாம்.

"பத்து மாசமா இப்படித்தான்" என்கிறாள்.
"முந்தி நல்லா எழும்பினது."

ரவுட்டரைச் சந்தேகித்தேன்.
கடற்காற்றில் பச்சை பூத்த பின்களைச் சந்தேகித்தேன்,
சுரண்டினேன், வயரை மாற்றினேன்.
மறுபடி அதே நட்சத்திரம், அதே நடை.
கைபேசியில் நேரம் பிடித்தேன்:
சரியாக இரண்டு நிமிடம்.
பழுது என்றால் இவ்வளவு நேர்மையாக இருக்காது.
இது யாரோ கொடுத்த தவணை.

"தம்பி, நான் சீனி பார்க்க வந்தன்"
முன்வரிசையிலிருந்து நிஸ்தார் ஹாஜியார்.
"இப்படியே போனா, பாக்கிறதுக்குச் சீனியே மிஞ்சாது."

லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. பெயரே பழி.
எழும்பும்போது யார் யார் எவ்வளவு தாமதித்தார்கள் என்று
மூத்த குற்றவாளி முதலாகக் காட்டிக்கொடுக்கும்.
தரவுத்தளம் நான்கு வினாடி.
நான் எப்போதும் ஐயுறும் பிரிண்டர், பாவம், ஒன்றரை.
உச்சியில் அந்தக் காத்திருப்பு, இரண்டு நிமிடம்.
ஆனால்
காத்திருப்பவனின் சட்டையைப் பிடித்து என்ன பயன்?
யாருக்காக என்றல்லவா கேட்க வேண்டும்.

மேசைக்கடியில் மல்லாந்து படுத்து டோர்ச் அடித்தேன்.
இரண்டு துவாரங்கள்.
ஒன்றில் என் புது வயர், பச்சை விளக்கு.
மற்றதில் கரப்பான் முட்டைக்கூடு.

"இதுல என்ன இருந்தது?"
"ஹோர்மோன் பாக்கிற மெசின்.
தவணை கட்டல்லன்னு தூக்கிட்டுப் போய்ட்டாங்க,
போன நவம்பர்ல."

மெசின் போனதை எல்லோருக்கும் சொன்னார்கள்,
வாசலில் அறிவித்தல்கூட ஒட்டினார்கள்.
இதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அருமைநாதன் என்றொருவர் எழுதிவைத்த கோப்பு,
அவர் இப்போது டோஹாவில்.
அதில் இரண்டு வாசலுக்கும் பெயர் இருக்கிறது.
பெயர் இருந்தால் ஆள் வரவேண்டும் என்பது அதன் நியாயம்.

பெயரை அழிக்க மனம் வரவில்லை,
தவணை கட்டி மெசின் திரும்பவும் கூடும்.
கீழே ஒரு வரி சேர்த்தேன்: கட்டாயமில்லை.
வந்தால் வரட்டும்.
ஓரத்தில் ஓர் இடைவெளி கூடிவிட்டதென்று
முதல் தடவை கோபித்துக்கொண்டது.
திருத்தினேன்.

பதினேழு வினாடி.
ஹாஜியார் கைமடிப்பை உருட்டி முடிப்பதற்குள்
அவர் பெயர் கூப்பிட்டாயிற்று.
முதலாளி போனில் கேட்டார், என்ன பழுது?
ஒன்றும் பழுதில்லை என்றேன்.
அப்படியானால் எதற்குக் காசு என்றார்.

பெனடிக்டா சூடு ஆறாத பிளேன்டீயைச்
சோசரால் மூடி, பைலுக்குப் பின்னால் தள்ளினாள்.
"அந்த ரெண்டு நிமிசத்துலதான் குடிப்பேன்."
பிறகு,
"நாளைக்கும் இப்படி உடனேதான் எழும்புமா?"

"உடனேதான்" என்றேன்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.