நிமிடத்துக்கு நாற்பத்தைந்து

சுற்றுநிருபம் மாசியில் வந்தது.
மூன்றாம் தரத்திலிருந்து நாலுக்கு ஏற
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல்.
நாற்பத்துநாலு என்றால்
அதே வாங்கு, அதே சன்னல்,
அடுத்த வருசமும் என் முகம்.

கார்த்திகையில் சோதனை.
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை,
இரண்டு கதிரை, என் போன்.
கொட்டாஞ்சேனைச் சந்தியில்
துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள்
மழைக்குள் நின்று ஹோர்ன் அடித்தன.
ஒரு ஹோர்னுக்கு ஒரு பிள்ளை
இரண்டு சொல்லாவது இழந்தது.
அதற்கெல்லாம் கழிவு கிடையாது என்றார்
வலயத்திலிருந்து வந்தவர்,
தேநீரை ஊதியபடி.

பந்தி ஒரு நாரையைப் பற்றியது.
வரப்பு, வாய்க்கால், மதகு.
எங்கள் பிள்ளைகள் வளர்வதும் தோட்டத்தில்தான்;
ஐம்பது வீட்டுக்கு இரண்டு குழாய் உள்ள
கொழும்புத் தோட்டம்.
"மதகு எண்டா என்ன டீச்சர்?"
கேட்கக் கூடாது, மகள்.
கேட்டால் நாலு செக்கன் போய்விடும்.

பத்தாவது பிள்ளை வரும்போது
படிக்கட்டு முழுக்க நாரை பாடமாகிவிட்டது.
பிர்தௌஸா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்.
ஐம்பத்தெட்டு.
எழுதினேன்.
வேறென்ன செய்ய,
கண் திறந்திருக்க வேண்டும் என்று
சுற்றுநிருபத்தில் இல்லையே.

நிலோஜன் அன்றைக்குப் பிந்தி வந்தவன்.
யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.
சைக்கிள் கடைக் கிரீஸ் போகாத விரலை
ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து வைத்து எடுத்தான்.
ழகரம் வந்தால் ஒரு மூச்சு.
நாரைக்குப் பசித்தது என்ற இடத்தில்
விரலோடு நின்றுவிட்டான்.
"பிறகு மீன் கிடைச்சதா டீச்சர்?"

அந்தத் தாளில் அது இல்லை.
போன் அதிர்ந்தது.
இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா வந்தாள்.
ஜெயகௌரி.
புறக்கோட்டையில் வெங்காயம் தெரிகிறவள்,
அரைநாள் சம்பளம் போக வந்திருந்தாள்.
சருகு ஒன்று தலைமயிரில்.
படிவத்தை நீட்டினேன்.
கடைசி வரி இப்படி:
மேற்படி விடயத்தை வாசித்து விளங்கிக்கொண்டேன்.
கையொப்பம்.

அவள் தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை,
சரியாகத்தான் பிடித்தாள்.
கொஞ்சநேரம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு
மகனிடம் கொடுத்தாள்.
"வாசி."

பழக்கதோசம்.
என் பெருவிரல் போனை அழுத்திவிட்டது.

தங்கள் பிள்ளை, என்று தொடங்கினான்.
'எதிர்பார்க்கப்பட்ட' என்ற சொல்லை
நாலாய் உடைத்து,
ஒவ்வொரு துண்டாய்ப் பார்த்து,
திரும்ப ஒட்டி, முழுதாகச் சொன்னான்.
வாசிப்பு அடைவு மட்டத்தை.
எட்டாமையினால்.
அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள்,
நல்ல சேதி கேட்பவள் மாதிரி.
அவன் வாசிக்கிறான், அதுவே அவளுக்குச் சேதி.
மூன்றாம் தரத்திலேயே.
பிறகு விரல் நின்றது.

மீளவும்.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல்தான்.
நாலே எழுத்து. ழகரம் கூட இல்லை.

"என்னடா?"

"இந்த இடத்தில மை ஊறிக் கிடக்கு அம்மா.
தெரியேல்ல."

புதுப் போட்டோ கொப்பி.
நானே காலையில் எடுத்தது,
ஒரு புள்ளி கலங்காமல்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
விரலை மட்டும் அந்தச் சொல்லின் மேல்
நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டான்.
கிரீஸ் மெல்ல இறங்கியது.

"அப்ப நீங்க வாசிங்களேன் டீச்சர்,"
என்றாள் ஜெயகௌரி.

பதினேழு வருசமாய் வாசிப்பிக்கிறவள் நான்.
தாளை வாங்கினேன்.
சந்தியில் லொறி ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது,
இன்னொன்று தொடங்கியது.
மேசையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது.
மூன்று நிமிடம். நாலு.
நான் இன்னும்
முதல் சொல்லில் நிற்கிறேன்.