மீட்டர் கணக்கு

குரோனிங்கன், 1945

பள்ளிக்கூடத்து ஓவிய அறையில்தான் விசாரணை.
சுவரில் எந்தப் பிள்ளையோ வரைந்த பேரிக்காய்.
மூன்று பேர். நடுவில் நோட்டரி டொங்கென்ஸ்,
மழைக்கோட்டைக் கழற்றவில்லை; அடுப்பில் கரி இல்லை.

நாஜிக் கட்சியில் இருந்தாயா? இல்லை.
சந்தா? இல்லை.
நாற்பதாம் வருடம், யூத ரத்தம் இல்லை என்ற தாளில்
கையெழுத்துப் போட்டாயா?
போட்டேன்.
பேனா ஒரு நொடி நின்றது.
போடாதவர் அந்த அறையில் ஒருவருமில்லை.
அடுத்த கேள்விக்குப் போனார்.

யூர்யென் பூலெமா, நகராட்சி கேஸ் நிலையம்,
மீட்டர் பார்ப்பவன்.
ஒரு வீட்டில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று
மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முள்ளுக்குத் தெரியும்.
ரேஷன் அட்டையில் அண்ணன், தங்கை, இரண்டே பேர்.
வெந்த உருளைக்கிழங்கோ ஆறு பேருக்கு.
ஏழு என்று நின்றால் ஒன்று என்று எழுதுவேன்.
ஈரத் தாள், மழுங்கிய பென்சில், யார் கேட்பது?
நெசவாளர் சந்தில் மட்டும் பதினோரு வீடு.
ஒருவரும் நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.
இடப்பக்கத்தவருக்குக் கண்கூடக் கலங்கியது.

சொல்லாதது இது:
நாற்பத்துமூன்று மார்ச், முப்பத்துநாலாம் எண்.
பனியும் மழையும். காலுறைக்குள் தண்ணீர்.
கதவைத் திறக்க அந்த அம்மாளுக்கு நேரமானது.
காலைத் துடைத்துவிட்டு வா என்றாள்,
நாயை அதட்டும் குரலில்.
முள் ஏழில் நின்றது.
ஏழு என்றே எழுதினேன்.

மூன்று வாரத்தில் வீடு காலி.
என் எண்ணாலா, எதிர்வீட்டு வாயாலா,
பால்காரனாலா?
அந்தத் தாளை ஆபீசில் யாரும்
புரட்டாமலே விட்டிருக்கலாம்.
படிவத்தில் ஒன்பதாம் கேள்விக்கும் பத்தாம் கேள்விக்கும் நடுவே
ஒரு விரல் அகலம் வெறுமையாக இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபமில்லை. முத்திரை.
நாலு மாதச் சம்பள பாக்கி ஒரு கவரில்.
நோட்டரி எழுந்து கைகொடுத்தார்.
இரண்டு கையும் ஒரே குளிர்.

திங்கட்கிழமை பழைய டார்ச்சோடு போனேன்.
முப்பத்துநாலில் இப்போது வேறு ஆட்கள்,
இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.
வாருங்கள், பரவாயில்லை, துடைக்க வேண்டாம் என்றாள்.
துடைத்தேன்.
மிதியடி மட்டும் மாறவில்லை.
குழந்தை சிணுங்கும்வரை துடைத்தேன்.
மீட்டர் எங்கே இருக்கிறதென்று
தெரியுமா உங்களுக்கு, என்று கேட்டாள்.